நாணயமாற்றுச் சுற்றில் எப்போதும் இலாபம் காட்டும் செய்நிரல்: எங்கே பார்க்க வேண்டும்?

தலவாக்கலை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். ஒரு நாணயத்தில் தொடங்கி, வேறு சில நாணயங்களாக மாற்றிக்கொண்டே போய், மீண்டும் தொடங்கிய நாணயத்துக்கே வந்து சேரும்போது கையிலுள்ள தொகை கூடியிருக்குமா என்பதைக் கண்டறியும் செய்நிரல் ஒன்றை இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காகப் பைதன் மொழியில் எழுதியிருக்கிறேன். இலங்கை ரூபாய், அமெரிக்க டொலர், யூரோ, ஸ்டேர்லிங் பவுண், ஜப்பானிய யென், சவூதி ரியால், குவைத் தினார் ஆகிய ஏழு நாணயங்களை எடுத்துக்கொண்டேன். எங்கள் தோட்டத்தில் பல வீடுகளுக்குச் சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்துமே பணம் வருவதால் கடைசி இரண்டையும் விட்டுவிட மனம் வரவில்லை.

ஒவ்வொரு நாணயத்தையும் வரைபின் ஒரு கணுவாகவும் (புள்ளியாகவும்), ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வீதத்தை ஒரு விளிம்பாகவும் (இரு கணுக்களை இணைக்கும் திசையுள்ள கோடாகவும்) வைத்திருக்கிறேன். விளிம்பின் நிறை, அந்த வீதத்தின் இயற்கை மடக்கைக்கு முன்னால் மறைக்குறி இட்டுப் பெறும் எண்ணாகும். ஒரு சுற்றிலுள்ள வீதங்களின் பெருக்கம் 1ஐ விடக் கூடினால் அதே சுற்றின் நிறைகளைக் கூட்டி வரும் தொகை பூச்சியத்துக்குக் கீழே போகும் என்பதால், வரைபில் குறுகிய பாதையைத் தேடும் பெல்மன்–போர்ட் படிமுறையைக் கொண்டு அப்படிப்பட்ட மறைச் சுற்றைத் தேடுகிறேன். வீதங்களை இணையத்தளங்களிலிருந்து நடு வீதமாக (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ளது), இரண்டு தசமதானங்களுக்கு எடுத்தேன். எதிர்த் திசைக்கு அதே வீதத்தின் தலைகீழைப் போட்டேன்.

என்னுடைய சிக்கல்கள் மூன்று. முதலாவது, எந்த நாளின் தரவைக் கொடுத்தாலும் செய்நிரல் இலாபச் சுற்று ஒன்று இருப்பதாகவே சொல்கிறது. இரண்டாவது, அந்தச் சுற்றை அச்சிடச் சொன்னால் சில வேளைகளில் சரியாக வருகிறது, சில வேளைகளில் ஓட்டம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. மூன்றாவது, வீட்டில் அண்ணன் இதைக் கேள்விப்பட்டுவிட்டு, அப்படியானால் ஹட்டனுக்குப் போய் மாற்றிப் பார்க்கலாமே என்கிறார். அவருக்கு என்ன சொல்வது என்பது தெரியவில்லை.


பதுளை நிரலாளர்:

தங்கையின் முதற் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன், மற்றவற்றை வேறு யாராவது விரிவாக எழுதுவார்கள்.

எதிர்த் திசைக்குத் தலைகீழைப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. டொலர், யென், ரூபாய் என்று மூன்றை எடுத்து ஒரு திசையில் சுற்றி வரும்போது கிடைக்கும் பெருக்கத்தை ப என்று கொள்ளுங்கள். எல்லா எதிர் விளிம்புகளும் தலைகீழ்களாக இருப்பதால் மறுதிசையில் சுற்றினால் கிடைப்பது 1/ப. ப என்பது 1க்குச் சரியாகச் சமமாக இல்லாவிட்டால், ப அல்லது 1/ப, இரண்டில் ஒன்று 1ஐ விடக் கூடியே தீரும். இரண்டு தசமதானங்களுக்கு மட்டந்தட்டிய எண்கள் சரியாக 1ஐத் தருவது அரிதிலும் அரிது. ஆகவே இந்தத் தரவில் இலாபச் சுற்று இல்லையென்று ஒரு செய்நிரல் சொல்லியிருந்தால் அதைத்தான் நான் சந்தேகித்திருப்பேன். உங்கள் செய்நிரல் தனக்குக் கொடுத்ததை ஒழுங்காகவே வாசித்திருக்கிறது.


ஹட்டன் கணித ஆசிரியர்:

மேலே சொல்லப்பட்டதை எண்களோடு பார்த்தால் மாணவிக்கு இன்னும் தெளிவாக இருக்கும். கீழே நான் தருபவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்களே, எந்த நாளின் வீதமும் அல்ல.

ஒரு டொலர் 300 ரூபாய் என்றும், ஒரு டொலர் 149.60 யென் என்றும் வைத்துக்கொள்வோம். இவற்றிலிருந்து வரும் யெனின் விலை 2.005347... ரூபாய். இதை ஒரு தளம் இரண்டு தசமதானங்களுக்கு மட்டந்தட்டி 2.01 என்று காட்டுகிறது. இப்போது டொலரை யெனாகவும், யெனை ரூபாயாகவும், ரூபாயை மீண்டும் டொலராகவும் மாற்றினால் 149.60 × 2.01 ÷ 300 = 1.00232. அதாவது 0.23 சதவீத இலாபம்! அந்த இலாபம் முழுவதும் மட்டந்தட்டலில் பிறந்தது. சரி, நான்கு தசமதானங்கள் எடுத்து 2.0053 என்று போடலாமே என்று கேட்டால், இந்தத் திசையில் 0.999976 வரும், உடனே மறுதிசை 1.000024 ஆகிவிடும். வழு சிறிதாகுமே தவிர மறையாது. யென் போன்று ஓர் அலகின் விலை சிறிதாக உள்ள நாணயங்களில் இந்த வழு பெரிதாகத் தெரியும் என்பதையும், குவைத் தினார் போன்று ஓர் அலகின் விலை பெரிதாக உள்ளவற்றில் இரண்டு தசமதானமே போதுமானதாக இருக்கும் என்பதையும் உங்கள் அறிக்கையில் ஓர் அட்டவணையாகக் காட்டினால் நன்றாக இருக்கும்.

இதற்கு மருந்து, ஒவ்வொரு சோடி நாணயத்துக்கும் கொள்வனவு வீதம், விற்பனை வீதம் என்ற இரண்டையும் தனித்தனியாக உள்ளிடுவதுதான். வங்கி டொலரை 297க்கு வாங்கி 304.50க்கு விற்கிறது என்றால், டொலரிலிருந்து ரூபாய்க்குப் போகும் விளிம்பு 297. ரூபாயிலிருந்து டொலருக்குப் போகும் விளிம்பு 1/304.50. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ் அல்ல; போய் வந்தாலே நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டரை டொலர் கரைந்துவிடும். யெனை 1.97க்கு வாங்கி 2.05க்கு விற்கிறார்கள் என்றும், உலகச் சந்தையில் ஒரு டொலருக்கு 149.55 யென் கிடைக்கும், ஒரு டொலரை வாங்க 149.65 யென் வேண்டும் என்றும் கொண்டால், டொலர்–யென்–ரூபாய்–டொலர் என்ற சுற்று 149.55 × 1.97 ÷ 304.50 = 0.9675. மறுதிசைச் சுற்று 297 ÷ 2.05 ÷ 149.65 = 0.9681. இரு திசையிலும் நட்டம். இப்போது செய்நிரல் "சுற்று இல்லை" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்தான் உங்கள் நிரலில் வழு உண்டு என்று கொள்ளலாம்.

இனி இரண்டாவது சிக்கல். இது பலரும் தடுக்கி விழும் இடம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கணுக்களின் எண்ணிக்கை ந என்றால், எல்லாக் கணுக்களின் தூரத்தையும் (அதுவரை கண்ட பாதைகளில் அந்தக் கணுவுக்கு வந்து சேரும் மிகக் குறைந்த நிறைத்தொகை) பூச்சியமாக வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு விளிம்பும் தான் போய்ச் சேரும் கணுவின் தூரத்தைக் குறைக்கிறதா என்று பார்த்தபடி விளிம்புப் பட்டியல் முழுவதையும் ந தடவைகள் கடக்க வேண்டும். ந ஆவது தடவையிலும் ஏதாவதொரு கணுவின் தூரம் குறைந்தால் மறைச் சுற்று உண்டு. ஒரு தடவை முழுவதிலும் எதுவுமே குறையாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம், சுற்று இல்லை. இதுவரை நீங்கள் சரியாகவே செய்திருப்பீர்கள். ஆனால் கடைசித் தடவையில் தூரம் குறைந்த கணு, சுற்றின் மேல் இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சுற்றிலிருந்து கிளைத்துப் போகும் பாதையில் அது இருக்கலாம். அப்படிப்பட்ட கணுவிலிருந்து முன்னோடிகளை (ஒரு கணுவின் முன்னோடி என்பது அதன் தூரத்தைக் கடைசியாகக் குறைத்த விளிம்பு புறப்பட்ட கணு) பின்தொடர்ந்து, தொடங்கிய கணு மீண்டும் வரும்வரை ஓடு என்று எழுதியிருந்தால், அது ஒருபோதும் வராது. உங்கள் ஓட்டம் நிற்காமல் போவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு சிறிய வரைபு தருகிறேன். அ, ஆ, இ, ஈ என்று நான்கு கற்பனை நாணயங்கள். விளிம்புகளை இதே வரிசையில் உள்ளிடுங்கள்: அவிலிருந்து ஆவுக்கு 2, ஆவிலிருந்து இவுக்கு 3, இவிலிருந்து அவுக்கு 0.17, ஆவிலிருந்து அவுக்கு 0.49, இவிலிருந்து ஆவுக்கு 0.33, அவிலிருந்து இவுக்கு 5.8, ஈயிலிருந்து அவுக்கு 0.5, அவிலிருந்து ஈக்கு 1.9. இங்கே இலாபச் சுற்று ஒன்றே ஒன்று: அ–ஆ–இ–அ, பெருக்கம் 1.02. மடக்கையில் பார்த்தால் −0.6931 − 1.0986 + 1.7720, கூட்டினால் −0.0198 அளவில் வரும். ஆனால் ஒவ்வொரு தடவையின் முடிவிலும் கடைசியாகத் தூரம் குறையும் கணு ஈ. அதற்கும் இலாபத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவின் தூரம் குறைந்துகொண்டே போவதால் அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது, அவ்வளவுதான். ஈயிலிருந்து தொடங்கி ஈக்காகக் காத்திருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது இது. தூரம் குறைந்த கணுவிலிருந்து முன்னோடி வழியாக ந அடிகள் பின்னால் செல்லுங்கள். அத்தனை அடிகள் நடந்தபின் நிற்கும் இடம் கட்டாயம் சுற்றின் மேல்தான் இருக்கும். இந்த எடுத்துக்காட்டில் ஈயிலிருந்து அ, இ, ஆ, அ என்று நான்கு அடிகள் வந்து அவில் நிற்பீர்கள். அங்கிருந்து மீண்டும் முன்னோடிகளைக் குறித்துக்கொண்டே போய், அ திரும்ப வந்ததும் நிறுத்தி, கிடைத்த பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி அச்சிடுங்கள். திருப்ப மறந்தால் நட்டமான திசையை இலாபம் என்று காட்டும்.

இன்னொன்று, மிதக்கும் புள்ளி எண்கள். கணினி தசம எண்களை ஏறக்குறைய பதினாறு இலக்கத் துல்லியத்தில்தான் வைத்திருக்கிறது. ஒரு வீதத்தின் மடக்கையையும் அதன் தலைகீழின் மடக்கையையும் கூட்டினால் பூச்சியம் வர வேண்டிய இடத்தில், பதினாறாம் தசமதானத்தில் ஒரு துணுக்கு மிஞ்சலாம். அந்தத் துணுக்கையும் செய்நிரல் இலாபமாக எண்ணிவிடும். ஆகவே "குறைவாக இருந்தால்" என்று மட்டும் ஒப்பிடாமல், "இத்தனை சிறிய அளவுக்கு மேல் குறைவாக இருந்தால்" என்று ஒப்பிடுங்கள். அந்த அளவை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டால், ஒரு மாற்றத்துக்கு ஆகும் கட்டணத்தை ஒவ்வொரு வீதத்திலும் முதலில் கழித்துவிட்டு, அதன்பின் கோடியில் ஒரு பங்கையும் விடச் சிறிய ஓர் எல்லையை வைத்தால் போதும் என்பது என் கருத்து. கண்டுபிடித்த சுற்றை, மடக்கையை நம்பாமல், மூல வீதங்களைப் பெருக்கி ஒருமுறை சரிபார்க்கவும் வேண்டும்.

மாணவி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிமுறை ஒரு சுற்றைக் கண்டுபிடிக்கும். மிகச் சிறந்த சுற்றைக் கண்டுபிடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. 1950களில் ஷிம்பெல், போர்ட், பெல்மன், மூர் ஆகியோர் தனித்தனியாக இதை எட்டியபோது அவர்கள் தேடியது குறுகிய பாதையைத்தான். மறைச் சுற்று என்பது அந்தத் தேடலைக் கெடுக்கும் ஒரு தொந்தரவு. அந்தத் தொந்தரவையே நாம் இங்கே புதையலாகத் தேடுகிறோம். ஒரு மாற்றத்துக்குச் சராசரியாக அதிக இலாபம் தரும் சுற்று வேண்டுமானால் கார்ப் 1978இல் வெளியிட்ட முறை இருக்கிறது. ஆனால் ஏழு நாணயங்களுக்கு இவை எதுவுமே தேவையில்லை. எல்லாச் சோடிகளுக்கும் இரு திசையிலும் விளிம்பு இருந்தாலும், இரண்டு கணுச் சுற்று 21, மூன்று கணுச் சுற்று 70, நான்கு கணு 210, ஐந்து கணு 504, ஆறு கணு 840, ஏழு கணு 720, ஆக மொத்தம் 2365 சுற்றுகள்தான் உண்டு. அத்தனையையும் நேரடியாகப் பெருக்கிப் பார்த்து வரிசைப்படுத்தினாலும் பழைய மடிக்கணினிகூட ஒரு நொடிக்குள் முடித்துவிடும். பெல்மன்–போர்ட் தந்த விடையை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள், பரிசோதகருக்குப் பிடிக்கும். இருபது நாணயங்கள் ஆனால் அப்படிச் செய்ய முடியாது. இருபதையும் ஒருமுறை தொட்டு வரும் சுற்றுகள் மட்டுமே 1.2 × 10¹⁷க்கு மேல் போய்விடும்.


நுவரெலியா ஓய்வுநிலை வங்கியாளர்:

ஆசிரியரின் கணக்கில் நான் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை. வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் அந்தப் பிள்ளையின் மூன்றாவது கேள்வியைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் அண்ணனிடம் சொல்ல வேண்டிய பதில் செய்நிரலுக்குள்ளும் எழுதப்பட வேண்டிய ஒன்று.

வங்கி வாசலிலுள்ள பலகையில் ரூபாய்க்கு எதிராக யென், பவுண், ரியால் என்று தனித்தனி வரிகள் இருப்பதைப் பார்த்து, ரூபாயையும் யெனையும் நேருக்கு நேர் மாற்றும் ஒரு சந்தை எங்கோ இயங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றைத் தேடினால் கிடைக்காது. ரூபாய்–டொலர் விலை உள்நாட்டு வங்கிகளுக்கிடையிலான சந்தையில் உருவாகிறது. டொலர்–யென் விலை உலகச் சந்தையிலிருந்து வருகிறது. இரண்டையும் இணைத்துக் கணக்கிட்டு, இரு பக்கமும் வங்கியின் இலாபத்தைச் சேர்த்தும் கழித்தும் அந்த வரியை எழுதுகிறார்கள். உலகம் முழுவதிலுமே நிலைமை பெரும்பாலும் இதுதான். பாசலில் உள்ள சர்வதேசத் தீர்ப்பனவு வங்கி 2022 ஏப்ரலில் எடுத்த கணக்கெடுப்பின்படி நாளொன்றுக்கு 7.5 டிரில்லியன் டொலர் பெறுமதியான நாணய வியாபாரம் நடந்தது. அதில் 88 சதவீதத்தில் ஒரு பக்கம் அமெரிக்க டொலர். டொலர் வழியாகக் கணக்கிட்டுப் பெற்ற விலையை டொலர் வழியாகவே திருப்பிச் சுற்றினால் சுற்று எங்கிருந்து வரும்? சவூதி ரியாலின் கதை இன்னும் எளிது. அது 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 என்று கட்டப்பட்டிருக்கிறது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் திர்ஹமும் 1997 முதல் 3.6725இல் நிற்கிறது. குவைத் தினார் மட்டும் 2007 முதல் பல நாணயங்கள் சேர்ந்த ஒரு நாணயக் கூடையோடு கட்டப்பட்டிருப்பதால் சற்று அசையும். வளைகுடா நாணயங்களை எத்தனை சேர்த்தாலும் வரைபுக்குப் புதிதாக அதிகம் கிடைக்காது. ஆனாலும் வீட்டுக்குப் பணம் வரும் நாணயத்தை விட்டுவிடாதீர்கள், வாசிப்பவருக்கு அது விளங்கும்.

அடுத்து, கணுக்களைப் பற்றி. டொலர் என்பது ஒரு கணு என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே தவறு புகுந்துவிடும். பலகையில் தந்தி மாற்று வீதம் வேறு, நாணயத்தாள் வீதம் வேறு. கணக்கிலிருந்து கணக்குக்குப் போகும் டொலரும், கையில் மடித்து வைத்திருக்கும் டொலரும் வங்கிக்கு ஒன்றல்ல, ஏனென்றால் தாளை எண்ண வேண்டும், கள்ளத்தாளா என்று பார்க்க வேண்டும், பாதுகாக்க வேண்டும், காப்புறுதியோடு வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். தாளிலும் சாதி உண்டு. மடிப்பில்லாத நூறு டொலர் தாளுக்கு ஒரு விலை சொல்லும் நாணயமாற்றுக்காரர், கசங்கிய ஒரு டொலர், ஐந்து டொலர் தாள்களை அதைவிடக் குறைத்துத்தான் கேட்பார். எல்லவில் விடுதி வைத்திருக்கும் ஒருவர் விருந்தினர்கள் விட்டுப்போன யூரோச் சில்லறைகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார். சில்லறையை யாரும் மாற்றித் தருவதில்லை. உங்கள் வரைபில் அது உள்ளே விளிம்பு வரும், வெளியே விளிம்பு போகாத கணு. ஆகவே டொலர்க் கணக்கு, டொலர்த் தாள் என்று இரண்டு கணுக்கள் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும் விளிம்புக்கு உண்மையான கட்டணத்தைப் போடுங்கள்.

இனி முக்கியமானது. ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக அங்கே விளிம்பு இருக்கிறது என்று பொருளல்ல. அந்த விலைக்கு, உங்களுக்கு, இப்போது விற்க ஒருவர் இருந்தால்தான் விளிம்பு. இதற்கு நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைத் தளர்த்தும்வரை டொலரின் உத்தியோகபூர்வ விலை 200 ரூபாயைச் சுற்றியே வைக்கப்பட்டிருந்தது. அதே காலத்தில் வெளியே அதற்கு மேலான விலை நிலவியது. அந்த இரண்டு விலைகளையும் உங்கள் செய்நிரலுக்குக் கொடுத்தால், வங்கியில் டொலரை வாங்கி வெளியே விற்றுவிடு, மீண்டும் வாங்கு, மீண்டும் விற்று எடு என்று ஒரு பெரிய இலாபச் சுற்றைக் காட்டும். ஆனால் வங்கியில் அந்த விலைக்கு டொலர் இருக்கவில்லை. பிள்ளையின் வெளிநாட்டுக் கல்விக் கட்டணத்துக்காகவும் மருந்துக்காகவும் வந்தவர்களுக்கே இல்லையென்று சொன்ன நாட்கள் அவை. ரூபாயிலிருந்து டொலருக்குப் போகும் விளிம்பு பலகையில் மட்டும் இருந்தது. மே மாதம் விலை 360 ரூபாயளவுக்குப் போனது என்பதே, அந்த 200 எவ்வளவு தூரம் விலையாக இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

அண்ணனுக்கு இதையும் சொல்லுங்கள். இலங்கை ரூபாய் நினைத்தபடி வெளிநாட்டு நாணயமாக மாற்றிக்கொள்ளக்கூடிய நாணயம் அல்ல. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் இருக்கிறது. அனுமதி பெற்ற வங்கிகளும் அனுமதி பெற்ற நாணயமாற்றுநர்களுமே இந்தத் தொழிலைச் செய்யலாம். ஹட்டனில் போய்ப் பயணத்துக்கென்று டொலர் கேட்டால் கடவுச்சீட்டும் விசாவும் பயணச்சீட்டும் எங்கே என்று கேட்பார்கள். வெளியே உண்டியல் (அனுமதியில்லாத பணப் பரிமாற்றம்) மூலம் மாற்றுவதைப் பற்றி யாராவது யோசனை சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உலகச் சந்தையில் மட்டுமாவது கிடைக்குமா என்றால், கிடைக்கும் தருணங்கள் இல்லாமல் இல்லை; அவை மிகச் சிறியவை, ஒரு நொடிக்குள் மறைபவை. கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் அளவில்தான் போகும் என்பதால், நேர்கோட்டில் இழை போட்டாலும் கேள்வி போய்ப் பதில் வர 87 மில்லிநொடிகள் வேண்டும். சந்தையின் கணினிக்குப் பக்கத்து அறையிலேயே தம் கணினியை வைத்திருப்பவர்கள் அதற்குள் வேலையை முடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போயிருப்பார்கள்.


தலவாக்கலை மாணவி:

பதுளை அண்ணாவுக்கும் ஆசிரியருக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. அ, ஆ, இ, ஈ வரைபைக் கொடுத்துப் பார்த்தேன். பின்னால் நான்கு அடிகள் நடக்கும் பகுதியைச் சேர்த்தபின் அ–ஆ–இ–அ என்று ஒழுங்காக அச்சிடுகிறது, 1.02 என்ற பெருக்கமும் வருகிறது. 2365 சுற்றுகளையும் பெருக்கிப் பார்க்கும் தனிச் செய்நிரலும் எழுதி, இரண்டும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று ஒப்பிடுகிறேன்.

கொள்வனவு, விற்பனை வீதங்களைப் பிரித்து ஒரே வங்கியின் வீதங்களை மட்டும் கொடுத்தால் சுற்று எதுவும் வரவில்லை. ஆனால் பல இடங்களின் வீதங்களைச் சேர்த்து, ஒவ்வொரு விளிம்புக்கும் கிடைக்கும் மிகச் சிறந்த வீதத்தை எடுத்துக்கொண்டால் ஒரு சுற்று மிஞ்சுகிறது. ஒரு நாணயமாற்றுநர் குவைத் தினாரை விற்கும் விலையை விட, ஒரு வங்கி அதைத் தந்தி மாற்றில் வாங்கும் விலை கூடுதலாக இருக்கிறது. ரூபாய்–தினார்–ரூபாய் என்று இரண்டே விளிம்புகள். தாள், கணக்கு என்று கணுக்களை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் இது போய்விடும் என்று நினைக்கிறேன், ஆனால் போவதற்குக் காரணம் அது மட்டும்தானா?


நுவரெலியா ஓய்வுநிலை வங்கியாளர்:

அது ஒரு காரணம். நாணயமாற்றுநரிடம் வாங்கும் தினார் தாளாகக் கையில் வரும். வங்கியின் தந்தி மாற்றுக் கொள்வனவு வீதம், குவைத்திலிருந்து கணக்குக்கு வந்த தினாருக்கு. தாளைக் கொண்டுபோய் அந்த விலை கேட்டால் தாளின் கொள்வனவு வீதத்தைத்தான் தருவார்கள். பிரித்தபின் தினார்த் தாளிலிருந்து தினார்க் கணக்குக்குப் போகும் விளிம்பை மிகச் சிறியதாகவோ இல்லாமலோ வையுங்கள்.

மற்றொன்று, இரண்டு வீதங்களும் எந்த நேரத்துக்குரியவை என்று பாருங்கள். நாணயமாற்றுநரின் தளம் சனிக்கிழமையும் திறந்திருக்கும், வங்கிப் பலகையோ வெள்ளிக்கிழமை எழுதியதாக இருக்கலாம். நியூயோர்க்கில் வெள்ளி மாலை ஐந்து மணிக்கு உலகச் சந்தை மூடும்போது இங்கே சனிக்கிழமை அதிகாலை இரண்டரை, அங்கே குளிர்காலம் என்றால் மூன்றரை. அதன்பின் திங்கள் வரை பலகையில் நிற்பவை எல்லாம் பழைய எண்கள்.


பதுளை நிரலாளர்:

நேரத்தைச் செய்நிரலே பார்த்துக்கொள்ளும்படி செய்துவிடலாம். ஒவ்வொரு விளிம்போடும் வீதம், எடுத்த இடம், எடுத்த நேரம் ஆகிய மூன்றையும் சேமித்து, ஒரு சுற்று அகப்பட்டதும் அதன் விளிம்புகளில் மிகப் பழையதுக்கும் மிகப் புதியதுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு, அது நீங்கள் வைத்த எல்லையைத் தாண்டினால் அந்தச் சுற்றை ஒதுக்கிவிடுங்கள். ஆனால் முழுவதும் அழித்துவிட வேண்டாம், வேறொரு கோப்பில் எழுதி வையுங்கள். எத்தனை சுற்றுகள் எந்தக் காரணத்தால் கழிந்தன என்ற அட்டவணைதான் இந்தச் செயற்றிட்டத்தின் நடுப்பகுதியாக இருக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நிலையான கட்டணம் இருந்தால் மட்டும் கவனம். மாற்றும் தொகை எதுவாயினும் ஐந்நூறு ரூபாய் என்பது போன்ற கட்டணத்தை மடக்கை நிறைக்குள் அடக்க முடியாது, ஏனென்றால் அது தொகையைப் பொறுத்து வேறு வேறு சதவீதமாக விழும். சுற்று கிடைத்தபின் ஒரு இலட்சம், பத்து இலட்சம் என்று உண்மையான தொகையை வைத்து அடி அடியாக ஓட்டிப் பார்த்து, கட்டணத்தை அந்தந்த இடத்தில் கழித்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்துக்கு மிதக்கும் புள்ளியை விட்டுவிட்டுப் பைதனின் தசம எண் வகையைப் பயன்படுத்தி, ஒவ்வொரு அடியிலும் சதத்துக்கு மட்டந்தட்டினால் வங்கிச் சீட்டில் வரும் தொகையே திரையிலும் வரும்.